லேட்டாக வந்த குதிரையும் மொரார்ஜியின் பர்மிட்டும்

1775-ல் ஜெர்மனியில் ஒரு ஆள் வேலைக்கு லேட்டாக வந்தான். நம்ம ஊராக இருந்தால் அரை நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு விஷயத்தை அத்தோடு விட்டிருப்பார்கள். அங்கே தாமதம் அத்தனை அபூர்வம் போலிருக்கிறது. அவனுக்குச் சிலை வைத்தார்கள், அவன் செய்த தாமதத்தின் பேரில் ஒரு ஒயின் வகையை உண்டாக்கினார்கள், கிட்டத்தட்ட இருநூறு வருஷம் கழித்து அதைச் சட்டத்திலும் ஏற்றிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். ரைன் நதிக்கரையில் யோஹானிஸ்பெர்க் என்று ஒரு குன்று. குன்று முழுக்க ரீஸ்லிங் திராட்சை. சொந்தக்காரர் ஃபுல்டா ஊரின் பிஷப். ஆன்மிகத்துக்கும் அவரே, அரசாங்கத்துக்கும் அவரே. அவர் உத்தரவு போடாமல் குன்றில் ஒரு குலையைத் தொடக்கூடாது. ஆகவே ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் குதிரையில் ஆள் போய், கையெழுத்து வாங்கி, திரும்பி வருவான். அந்த வருஷம் போனவன் வரவில்லை. வழிப்பறிக்காரர்கள் மறித்தார்கள் என்கிறது ஒரு கதை. பெண் விஷயம் என்கிறது இன்னொன்று. அரசாங்க ஆபீஸ் பார்த்துப் பழகிய எனக்கு, பிஷப் மேஜையில் ஃபைல் நகரவில்லை என்றுதான் தோன்றுகிறது.

ஒருவழியாகக் குதிரை வந்து சேர்ந்தபோது குன்று முழுக்கப் பூஞ்சணம். திராட்சை சுருங்கி, சாம்பல் பூத்து, பார்க்கவே சகிக்காத கோலம். தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட துறவிகள் சிக்கனக்காரர்கள், எதையும் எறிய மனசு வராது. அதையும் பிழிந்து பீப்பாயில் ஊற்றி வைத்தார்கள். அடுத்த வசந்தத்தில் ருசி பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்தப் பூஞ்சணம் திராட்சைத் தோலில் நுண்துளை போட்டு, தண்ணீரை ஆவியாக்கி, சர்க்கரையை உள்ளேயே கெட்டிப்படுத்திவிட்டிருந்தது. அன்றிலிருந்து அந்தக் குன்றில் வேண்டுமென்றே லேட்டாகப் பறிக்க ஆரம்பித்தார்கள். அப்படிப் பறித்ததற்கு ஷ்பேட்லேஸ என்று பேர். லேட் அறுவடை, அவ்வளவுதான்.

இந்தக் கதையை நான் தோண்டியெடுக்கக் காரணம் எங்கள் பில்டிங் தம்பி ஒருத்தன். தாராவியில் பிறந்து, அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் உழைத்துச் சேர்த்த காசில் ஐரோலியில் ஃபிளாட் வாங்கி, இப்போது மைண்ட்ஸ்பேஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். ஐரோலிக்காரர்களுக்கு ஜெர்மனி ஒன்றும் புதிதல்ல. தானே–பேலாப்பூர் ரோட்டில் சீமன்ஸ் ஆலை பல வருஷமாக நிற்கிறது. ஆனால் ஜெர்மன் பாட்டில் புதிது. ஆபீஸ் வேலையாக ஃபிராங்க்ஃபர்ட் போனவன் ஒன்று வாங்கி வந்து என் முன்னால் வைத்தான்.

"அண்ணாச்சி, இது நல்ல சரக்கா, சுமாரா? படிச்சுச் சொல்லுங்க."

"நீதானே வாங்குன? கடைக்காரன் சொல்லலியா?"

"சொன்னான். அதான் புரியல."

லேபிளைப் பார்த்தேன். பழைய ஜெர்மன் எழுத்தில், கல்யாணப் பத்திரிகை மாதிரி, நெருக்கி அடித்திருந்தார்கள். மோசல் என்று நதியின் பேர். ஒரு ஊர்ப் பேர், ஒட்டிக்கொண்டு ஒரு தோட்டத்தின் பேர். ரீஸ்லிங். ஷ்பேட்லேஸ. அதற்குக் கீழே குட்ஸ்அப்ஃப்யூலுங் என்று ஒரு வார்த்தை. தோட்டக்காரரே தன் இடத்தில் பாட்டிலில் அடைத்தது என்று பொருள். ஓரத்தில் ரேஷன் கார்டு நம்பர் மாதிரி ஒரு நீண்ட எண். 8 சதவீத ஆல்கஹால். இத்தனை சொன்ன லேபிள், குடித்தால் இனிக்குமா புளிக்குமா என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை 8 சதவீதத்திலிருந்து நாமே ஊகிக்க வேண்டும். சர்க்கரை முழுக்க ஆல்கஹாலாக மாறியிருந்தால் பதினொன்று, பன்னிரண்டு வந்திருக்கும். எட்டில் நின்றுவிட்டதென்றால் மிச்சச் சர்க்கரை பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது. இனிப்பில்லாததாக இருந்தால் ட்ராக்கன் என்று போட்டிருப்பார்கள், லிட்டருக்கு 9 கிராம் சர்க்கரைக்கு மேல் போகாது. பாதி வழியில் நிற்பது ஹால்ப்ட்ராக்கன், 18 கிராம் வரை. ஃபைன்ஹெர்ப் என்று ஒன்று உண்டு. அதற்குச் சட்டத்தில் அளவே கிடையாது, விற்கிறவர் மனசுதான் அளவு.

இந்தக் குழப்பத்துக்கு மூல புருஷர் ஒருவர் இருக்கிறார். ஃபெர்டினாண்ட் எக்ஸ்லே, ஃபோர்ட்ஸ்ஹைம் ஊர்க்காரர், பொற்கொல்லர் வேலை தெரிந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் திராட்சைச் சாற்றில் மிதக்கவிடுகிற ஒரு அளவுகோலைச் செம்மைப்படுத்தினார். ஒரு லிட்டர் தண்ணீர் 1000 கிராம் என்றால், உங்கள் ஒரு லிட்டர் சாறு 1085 கிராம் எடை காட்டினால், அது 85 டிகிரி எக்ஸ்லே. கூடுதல் எடை பெரும்பாலும் சர்க்கரை. பொற்கொல்லர் கணக்கு சுத்தமான கணக்கு. ஆனால் பொன்னை உரசிப் பார்க்கலாம், ஒயினை எடை போட்டு என்ன செய்ய? அந்தக் கேள்வி அவருக்குப் பின்னால் வந்த அதிகாரிகளுக்குத் தோன்றவேயில்லை.

இடையில் ஒரு சமாச்சாரம். மோசல் கரையில் வெயில் பற்றாது, திராட்சை புளிக்கும், குடியானவன் கடனில் மூழ்குவான். அவன் படும் பாட்டை 1843 ஜனவரியில் ஒரு இளம் பத்திரிகை ஆசிரியர் எழுதித் தள்ளினார். கொஞ்ச நாளில் பிரஷ்ய சர்க்கார் அந்தப் பத்திரிகையையே மூடிவிட்டது. ஆசிரியர் ட்ரியர் ஊர்க்காரர், அவர் அப்பாவுக்கே திராட்சைத் தோட்டத்தில் பங்கு உண்டு. பேர் கார்ல் மார்க்ஸ். பொருளாதாரத்தின் பக்கம் தன்னைத் திருப்பியவற்றில் இந்த மோசல் விவகாரமும் ஒன்று என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். தாராவி தொழிற்சங்க மேடைகளில் அவர் படத்துக்கு மாலை போட்டவர்கள் யாரும் இதைச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

கதை 1971-க்கு வருகிறது. மேற்கு ஜெர்மனி புதிய ஒயின் சட்டம் போட்டது. நோக்கம் என்னவோ நல்ல நோக்கம்: எந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று சாமானியனுக்குப் புரிய வேண்டும். அதற்காக எக்ஸ்லேயின் அளவுகோலை எடுத்துக் கோடு போட்டார்கள். பிராந்தியத்தைப் பொறுத்தும் திராட்சையைப் பொறுத்தும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்; சுமாராக 70-ஐத் தொட்டால் காபிநெட், 80 பக்கம் வந்தால் ஷ்பேட்லேஸ, 90 பக்கம் ஆவுஸ்லேஸ. 110-க்கு மேல் பேரன்ஆவுஸ்லேஸ. தம்பி சந்தேகப்பட்டதுபோல் இதற்கும் மகனுடைய மகனுக்கும் சம்பந்தமில்லை, பேரன் என்றால் அங்கே திராட்சை மணிகள். 150 தாண்டினால் ட்ராக்கன்பேரன்ஆவுஸ்லேஸ. இதில் ட்ராக்கன் இருக்கிறதே, இனிக்காதோ என்று நினைத்துவிடாதீர்கள். உலர்ந்தது திராட்சை, ஒயின் தேன் மாதிரி இனிக்கும். ஒரே வார்த்தையை ஒரு பாட்டிலில் இனிப்பில்லை என்பதற்கும் இன்னொரு பாட்டிலில் அதன் நேரெதிருக்கும் பயன்படுத்தியவர்களைத்தான் உலகம் துல்லியத்துக்குப் பேர் போனவர்கள் என்கிறது.

இந்தப் படிக்கட்டுக்குப் பக்கவாட்டில் ஐஸ்வைன் என்று ஒன்று நிற்கிறது. அதுவும் தாமதத்தில் பிறந்ததுதான். 1830 பிப்ரவரியில் பிங்கன் பக்கம் ட்ரோமர்ஸ்ஹைம் கிராமத்தில், போன வருஷத்துத் திராட்சையை லாயக்கில்லை என்று கொடியிலேயே விட்டிருந்தார்கள். கடும் குளிர். மாட்டுக்காவது போடலாம் என்று பறித்தால், உறைந்துபோன திராட்சையிலிருந்து பாகு மாதிரி சாறு வழிந்தது. மாட்டுக்குப் போகவேண்டியது மனுஷர்களுக்குப் போனது. இன்றைய விதிப்படி மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே கொடியிலேயே உறைந்திருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்து ஏமாற்றக்கூடாது.

சட்டத்தில் மார்க் முக்கியமானால் மார்க் வாங்குகிற வழியும் பிறக்கும். நாமக்கல் பள்ளிக்கூடங்களைப் பார்த்த நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. செங்குத்தான சிலேட்டுப் பாறைச் சரிவில் ரீஸ்லிங் பயிரிட்டு முதுகை உடைத்துக்கொள்வானேன்? ஆப்டிமா, ஆர்டேகா என்று கலப்பினக் கொடிகள் வந்திருந்தன. உருளைக்கிழங்கு விளைகிற சமவெளியில் நட்டால்கூட எக்ஸ்லே எகிறும், ஆவுஸ்லேஸ பட்டம் கைக்கு வரும். லேபிள் ஓரத்தில் பார்த்த அந்த நீண்ட எண் சர்க்கார் பரீட்சையின் ரோல் நம்பர். பாட்டிலில் அடைத்த ஒயினை ஆய்வகத்தில் சோதித்து, ஒரு குழு ருசி பார்த்து, 5-க்கு மார்க் போடும். பாஸ் மார்க் 1.5. அதாவது நூற்றுக்கு 30. நம்ம எஸ்.எஸ்.எல்.சி.க்கே 35 வேண்டும்.

ஊர்ப் பேர் விஷயத்தில் நடந்தது அதைவிடக் கூத்து. முப்பதாயிரம் வாக்கில் இருந்த தோட்டப் பேர்களைச் சுருக்கி 2,600 சொச்சம் ஆக்கினார்கள். ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டத்துக்குப் பெரும்பாலும் தனிப் பேர் கிடையாது. போதாக்குறைக்குப் பல கிராமங்களை ஒன்றாக மூட்டை கட்டி, அதற்கு ஒரு பழைய தோட்டத்தின் பேரைச் சூட்டினார்கள். பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரொப்ஃப்ஹென் என்றால் பீஸ்போர்ட் கிராமத்தின் பேர்போன சரிவு. பீஸ்போர்ட்டர் மிகேல்ஸ்பெர்க் என்றால் சுற்றுவட்டாரத்தில் எங்கே விளைந்ததும் வரலாம். இரண்டும் லேபிளில் ஒரே ஜாடை. எது எது என்று கண்டுபிடிக்கத் தனிப் புத்தகம் வேண்டும். சாமானியனுக்குப் புரிய வைக்க வந்த சட்டம் இது.

இந்த இடத்தில்தான் தம்பி கேட்டான்: "நம்ம ஊர்ல இப்படிக் கிறுக்குத்தனமா வகை பிரிக்கலியே, அண்ணாச்சி?"

ஏன் பிரிக்கவில்லை? ஜெர்மன்காரன் திராட்சையை வகை பிரித்தான். பம்பாய் சர்க்கார் குடிக்கிறவனை வகை பிரித்தது. அதுவும் ஜெர்மன்காரனுக்கு 22 வருஷம் முன்பே.

1949-ம் வருஷத்து பம்பாய் மதுவிலக்குச் சட்டம். அப்போது உள்துறை மந்திரி மொரார்ஜி தேசாய். ராஜாஜி 1937-லேயே சேலத்தில் ஆரம்பித்து வைத்த காரியம்தான்; ஆனால் மொரார்ஜி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. 1950 ஏப்ரலில் பம்பாயில் பூரண மதுவிலக்கு. பூரணம் என்றால் ஆளைப் பொறுத்த பூரணம். குடிக்கிற பழக்கமுள்ள சீமையில் பிறந்து வளர்ந்த வெளிநாட்டுக்காரருக்கு ஒரு பர்மிட். தூதர்களுக்கும் அயல்நாட்டு ராஜாக்களுக்கும் ஸ்பெஷல் பர்மிட். வந்துபோகிறவருக்கு விசிட்டர் பர்மிட். சுற்றுலாப் பயணிக்குத் தனி. மது இல்லாவிட்டால் உடம்பு தாங்காது என்கிற உள்ளூர்வாசிக்கு ஹெல்த் பர்மிட். மாசத்துக்கு இத்தனை யூனிட் என்று ரேஷன். எல்லாவற்றுக்கும் சிகரமாக எமர்ஜென்சி பர்மிட். குடும்பத் தலைவர், வீட்டில் திடீரென்று யாருக்காவது மருந்தாகத் தேவைப்பட்டால் கொடுப்பதற்காக, பிராந்தியோ ரம்மோ ஷாம்பெயினோ வைத்துக்கொள்ளலாம். ஆமாம், ஷாம்பெயின். அதைக் கேட்கிற வியாதி எது என்று மலபார் ஹில் டாக்டர்களுக்குத்தான் தெரிந்திருக்கும்.

இந்தப் பர்மிட்டுகளில் ஒன்றை உற்றுப் பாருங்கள். வியாதிக்காரனுக்கும் வெளிநாட்டுச் சரக்குதான். நாட்டுச்சரக்குக்கு மருத்துவ குணம் இல்லை என்று சர்க்கார் முடிவு செய்துவிட்டது. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகுவலி வந்தால் அது வெறும் முதுகுவலி. மலபார் ஹில்லில் வந்தால் இரண்டு யூனிட்.

சட்டத்தில் இன்னொரு விதி. மதுவைப் புகழ்ந்து பேசுவதும் குற்றம். ஜெர்மன்காரர்கள் 1971-க்கு முன்னால் லேபிளிலேயே அருமை, மிக அருமை, உன்னதம் என்று அடித்துக்கொண்டிருந்த காலம் அது. அதே வார்த்தையைப் பம்பாயில் பொது இடத்தில் சொன்னால் போலீஸ் வரலாம். குடித்தவன் வாயைக் கட்டுவது கேள்விப்பட்டதுண்டு. குடிக்காதவன் வாயையும் சேர்த்துக் கட்டியது மொரார்ஜியின் நிர்வாகத் திறமை.

எஃப்.என். பால்சரா என்ற பார்சி கனவான் ஒருவர் இதை விடவில்லை. விஸ்கி, பிராந்தி, ரம், ஒயின், பீர், மருந்து ஒயின், ஓடிகோலன் ஆகியவற்றை வைத்துக்கொள்ளவும் பயன்படுத்தவும் தனக்கு உரிமை உண்டு என்று கோர்ட்டுக்குப் போனார். மளிகைக்கடைச் சிட்டையை மனுவாகத் தாக்கல் செய்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1951 மே மாதம் தீர்ப்பு வந்தது. விஸ்கிக்கு இல்லை, ஒயினுக்கு இல்லை, மதுவிலக்கு செல்லும். ஆனால் ஆல்கஹால் கலந்த மருந்துகளையும் வாசனைப் பொருள்களையும் தடுக்க முடியாது. புகழ்வதையும் தடுக்க முடியாது, பேச்சுரிமை. ஆக ரைன் நதிக்கரையிலிருந்து பம்பாய் வீட்டு அலமாரிக்குள் பர்மிட் இல்லாமல் நுழையும் உரிமை பெற்றது யோஹானிஸ்பெர்க் ரீஸ்லிங் அல்ல, கொலோன் நகரத்து ஓடிகோலன். சிலர் அதைக் கைக்குட்டையில் தெளித்துக்கொண்டார்கள். சிலர் கிளாஸில் ஊற்றிக்கொண்டார்கள்.

ஓடிகோலனுக்கும் வழியில்லாதவன் தாராவிக்கு வந்தான். சதுப்பு நிலம், பக்கத்தில் மித்தி ஆறு. வெல்லமும் நவசாகரமும் போட்டு டிரம்மில் ஊறல் வைத்துப் புதைத்தால் எந்த அதிகாரி இறங்கித் தேடுவார்? காய்ச்சியது டயர் டியூபில் ஏறி ஊர் முழுக்கப் போனது. பாந்த்ரா பக்கம் கோவாக்கார ஆன்ட்டிகள் வீட்டு முன்னறையில் பெஞ்சு போட்டு ஊற்றினார்கள். நம்மவர்களில் இந்தத் தொழிலில் கொடிகட்டியவர் வரதராஜ முதலியார், வி.டி. ஸ்டேஷனில் கூலியாகத் தொடங்கி, மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் பிள்ளையார் பந்தல் போட்டு ஊரையே வரவழைத்தவர். லேபிள் கிடையாது, எக்ஸ்லே கிடையாது. சரக்கில் துணியை நனைத்துத் தீக்குச்சியைக் கிழிப்பார்கள். பற்றி எரிந்தால் பாஸ். ஜெர்மன் ருசிக் குழுவைவிட இதில் ஒளிவுமறைவு குறைவு. குடித்தவனுக்குக் கண் போனால் பரீட்சை பெயில், மறுகூட்டலுக்கு வழியில்லை.

மொரார்ஜியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிரதமரான பிறகு, தினமும் காலையில் தான் பருகுவது என்ன என்பதை அமெரிக்க டெலிவிஷனிலேயே கூச்சமில்லாமல் சொன்னார். மதுவைப் புகழ்வதைத் தடை செய்தவர் தன் பானத்தைப் புகழ்வதை நிறுத்தவேயில்லை. ஜெர்மன் சட்டப்படி பார்த்தால் அது அப்பழுக்கற்ற குட்ஸ்அப்ஃப்யூலுங்: விளைவித்தவரே, தன் சொந்த இடத்தில், வேறெதுவும் கலக்காமல் நிரப்பியது.

1960-ல் குஜராத் பிரிந்தபோது மதுவிலக்கைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனது. மகாராஷ்டிரா சட்டத்தை வைத்துக்கொண்டு மதுவிலக்கை மெல்ல மெல்லக் கழற்றிவிட்டது. பர்மிட் உள்ளவர் உட்கார்ந்து குடிக்க பர்மிட் ரூம் வந்தது. பர்மிட் மறந்துபோய் ரூம் மட்டும் நின்றது. இன்றைக்கும் பலகையில் அந்தப் பேர்தான். பாட்டில் விற்கிற கடைக்கு வைன்ஸ் என்று பேர். உள்ளே ஒயினைத் தவிர மற்றதெல்லாம் முன்வரிசையில் இருக்கும். 2001-ல் மகாராஷ்டிர சர்க்கார் திராட்சை பதப்படுத்தலுக்குத் தனிக் கொள்கையே வகுத்து நாசிக் ஒயினுக்குச் சலுகை கொடுத்தது. 2022 ஜனவரியில் சூப்பர்மார்க்கெட்டிலும் ஒயின் விற்கலாம் என்று மந்திரிசபை முடிவெடுத்தபோது, ஒயின் சரக்கே இல்லை, விவசாயிகள் நலன் என்று ஆளும் பக்கத்தில் பேசினார்கள். எதிர்ப்பக்கத்தில் அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் என்றார். ஜெர்மனியிலும் 2021-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள்: சர்க்கரையைவிட விளைந்த இடத்துக்கு மதிப்பு, 2026 அறுவடையிலிருந்து பழைய மூட்டைப் பேர்களுக்கு முன்னால் பிராந்தியம் என்று போட்டாக வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பிஷப் ஆபீஸ் ஃபைல் இதைவிட வேகமாக நகர்ந்தது.

"அப்போ என் பாட்டில் என்ன வகை?" என்றான் தம்பி.

"பாட்டில் ஷ்பேட்லேஸ. நீ என்ன வகை, பர்மிட் இருக்கா?"

இல்லை. 1949 சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது, பேர் மட்டும் மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம். ஒரு நாள் பர்மிட்டுக்கு 5 ரூபாய், நாட்டுச்சரக்கு என்றால் 2 ரூபாய், ஆயுள் முழுக்க 1,000 ரூபாய். தம்பி கணக்குப் போட்டு ஆயுளுக்கே எடுத்துவிட்டான். தினம் காலையில் ஜிம், சாயங்காலம் கடற்கழி ஓரம் ஓட்டம் என்று இருக்கிற ஆள். வந்த காகிதத்தை அவன் அம்மா வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டி, மராத்தியும் ஆங்கிலமும் கலந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். உடல்நலத்தைப் பேணிக் காக்க இவருக்கு மது தேவைப்படுகிறது என்று இருந்தது. இன்னொரு தரம் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவனுக்கு என்ன சீக்கு, அண்ணாச்சி? எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"